ஆடு பருவத்துக்கு வர விளக்கு வேண்டாம், தீனி வேண்டும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் வீட்டு மனைகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. ஆனாலும் திருநின்றவூர், திருமழிசை, நேமம், செம்பரம்பாக்கம் பக்கங்களில் பத்து இருபது செம்மறி ஆடுகளை வைத்துக் குடும்பத்தின் அவசரச் செலவுகளைச் சமாளித்து வரும் சிறு விவசாயிகள் இன்றும் இருக்கிறார்கள். மேய்ச்சல் நிலம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிவரும் இந்தப் பகுதியில், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் பிழைத்து வளர்ந்தால்தான் ஆடு வளர்ப்பு கட்டுப்படியாகும்.

ஆனால் பல மந்தைகளில் நடப்பது வேறு. கிடாவும் பெட்டைகளும் ஆண்டு முழுவதும் ஒன்றாகவே மேய்கின்றன. ஆனி மாதத்தில் சினைப்பட்ட ஆடுகள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குட்டி போடுகின்றன. நனைந்த பட்டியில், சேற்றில், குளிர் காற்றில் விழும் குட்டிகள் சளியும் கழிச்சலும் கண்டு மடிகின்றன. "ஆடு பருவத்துக்கு வருவது இயற்கை, அதில் நாம் செய்ய என்ன இருக்கிறது?" என்று விவசாயிகள் விட்டுவிடுகிறார்கள்.

வேறு சிலர் கோழிப் பண்ணையைப் பார்த்து, ஆட்டுப் பட்டியிலும் இரவில் விளக்கு எரித்தால் ஆடுகள் சீக்கிரம் பருவத்துக்கு வருமா என்று கேட்கிறார்கள். முட்டைக் கோழிகளுக்கு நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் கொடுப்பது பண்ணைகளில் வழக்கம்தான். ஆட்டின் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. வெளிச்சத்துக்கும் ஆட்டின் பருவத்துக்கும் என்ன தொடர்பு, அது நம் ஊர் ஆட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரிந்துகொண்டால் வீண் செலவும் மிச்சம், குட்டிகளும் மிச்சம்.

குளிர் நாட்டு ஆட்டின் நாள்காட்டி

ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் டிசம்பர் மாதத்தில் பகல் நேரம் சுமார் 7 மணிதான். ஜூன் மாதத்தில் அதுவே பதினேழரை மணியாக நீள்கிறது. அந்த நாட்டுச் செம்மறி ஆடுகள் பகல் குறையத் தொடங்கிய பிறகு, இலையுதிர் காலத்தில் மட்டுமே பருவத்துக்கு வருகின்றன. அக்டோபர், நவம்பரில் சினைப்படும் ஆடு ஐந்து மாதம் கழித்து, பனி உருகிப் புல் முளைக்கும் மார்ச், ஏப்ரலில் குட்டி போடுகிறது. பகல் நீளும் கோடையில் பெட்டை ஆடு கிடாவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நம் நாட்டிலேயே காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இதைக் காணலாம். அங்கே கோடைப் பகல் 14 மணிக்கு மேல். குளிர்காலப் பகல் சுமார் 10 மணி. அங்குள்ள ஆடுகளும் இலையுதிர் காலத்தில் சேர்ந்து, வசந்தத்தில் குட்டி ஈனுகின்றன.

குளிர்தான் இதற்குக் காரணம் என்று முன்பு பலர் நினைத்தனர். 1949ஆம் ஆண்டில் ஏட்ஸ் என்ற விஞ்ஞானி இங்கிலாந்தில் தாம் செய்த சோதனைகளை வெளியிட்டார். செயற்கை விளக்கின் மூலம் பகலின் நீளத்தைத் தலைகீழாக மாற்றியபோது, ஆடுகளின் பருவ காலமும் மாறிவிட்டது. ஆகவே அந்த ஆடுகள் நாள் பார்ப்பது வெப்பத்தையோ குளிரையோ வைத்து அல்ல. பகலும் இரவும் எவ்வளவு நீளம் என்பதை வைத்துத்தான் என்பது உறுதியாயிற்று.

இரவை அளக்கும் சுரப்பி

ஆட்டின் மூளைக்குள் பீனியல் என்னும் சிறு சுரப்பி ஒன்று உள்ளது. கண்ணில் படும் வெளிச்சத்தின் செய்தி நரம்புகள் வழியாக இந்தச் சுரப்பிக்குப் போய்ச் சேர்கிறது. இருட்டியதும் இது மெலட்டோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது, விடிந்ததும் நிறுத்திவிடுகிறது. இரவு நீளமானால் மெலட்டோனின் ரத்தத்தில் அதிக நேரம் இருக்கும். இரவு குறுகினால் குறைந்த நேரமே இருக்கும். எத்தனை மணி நேரம் இருந்தது என்பதுதான் உடம்புக்குக் கிடைக்கும் செய்தி.

இந்தச் செய்தியைப் படிக்கும் இடம், மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் மேல் பகுதியாகும். இங்குள்ள உயிரணுக்களில்தான் மரபணுக்களின் வேலை நடக்கிறது.

ஜீன் எனப்படும் மரபணுவை, விதை நெல்லோடு தலைமுறை தலைமுறையாக வரும் குணம் என்று மட்டும் நாம் நினைக்கிறோம். ஆனால் எல்லா மரபணுக்களும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. பம்புசெட்டு கிணற்றில் எப்போதும் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால்தான் தண்ணீர் வரும். அதுபோல மரபணுவும் உயிரணுவுக்குள் எப்போதும் இருக்கும். தூண்டினால் வேலை செய்யும், அடக்கினால் ஓய்ந்திருக்கும்.

ஆட்டின் பருவத்தில் முக்கியமான சுவிட்சு ஈ.ஒய்.ஏ.-3 என்னும் மரபணு என்பதை 2010ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. பிரிட்டனில் செம்மறி ஆடுகளிலும் ஜப்பானில் எலிகளிலும் இச்சோதனைகள் நடந்தன. இருட்டத் தொடங்கி ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனதும் இந்த மரபணு விழிக்க முயல்கிறது. இரவு 8 மணி நேரமே இருந்தால் அந்த வேளையில் விடிந்து வெகு நேரம் ஆகியிருக்கும். தடுக்க மெலட்டோனின் இருக்காது. மரபணு முழு வேகத்தில் வேலை செய்யும். இரவு 16 மணி நேரம் இருந்தால் அந்த வேளையிலும் மெலட்டோனின் இருந்து அதை அடக்கிவிடும். இந்த அடக்கும் வேலைக்கு டி.இ.சி.-1 என்ற இன்னொரு மரபணு துணை நிற்கிறது என்று 2020ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது.

ஈ.ஒய்.ஏ.-3 வேலை செய்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் பிட்யூட்டரியின் அந்தப் பகுதியில் உண்டாகிறது. அது கழுத்திலுள்ள தைராய்டுக்குப் போகாமல், பக்கத்திலுள்ள மூளைப் பகுதிக்கே சென்று, அங்கே வீரியமுள்ள தைராய்டு ஹார்மோனின் அளவைக் கூட்டுகிறது. செம்மறி ஆட்டில் இதன் விளைவு இனப்பெருக்கக் காலம் முடிவுக்கு வருவதாகும். மூளையில் கிஸ்பெப்டின் என்னும் பொருளைத் தரும் நரம்பணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. அவை தூண்டாவிட்டால், சூலகத்துக்குக் கட்டளை அனுப்பும் ஹார்மோன்கள் போதிய அளவில் சுரப்பதில்லை. முட்டை முதிர்வதில்லை, ஆடு பருவத்துக்கு வருவதில்லை.

ஆகவே செம்மறிக்கு நீண்ட பகல் "நிறுத்து" என்னும் கட்டளை. நீண்ட இரவு "தொடங்கு" என்னும் கட்டளை. கோழிக்கு இது நேர்மாறு. கோழியைப் பார்த்து ஆட்டுப் பட்டியில் விளக்கு எரிப்பது பொருந்தாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

நம் ஊர்ப் பகலின் நீளம் என்ன?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. சென்னை, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் உள்ளது. இங்கே ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் சுமார் 12 மணி 53 நிமிடம். டிசம்பரின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 22 நிமிடம். ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வித்தியாசம் ஒன்றரை மணி நேரமே. எடின்பரோவில் இந்த வித்தியாசம் பத்து மணி நேரத்துக்கு மேல்.

நம் ஆடுகளிலும் அதே சுரப்பிகளும் அதே மரபணுக்களும் உண்டு. ஆனால் இரவின் நீளம் எப்போதும் 12 மணியை ஒட்டியே இருப்பதால், அந்தச் சுவிட்சை ஒரு பக்கமாக முழுதும் தள்ளிவிடும் அளவுக்குச் செய்தி எழுவதில்லை எனலாம். வெப்ப நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த இனங்கள் பகல் நீளத்துக்குக் கட்டுப்படாமல், தீனியும் உடல்நலமும் சரியாக இருந்தால் ஆண்டின் எந்த மாதத்திலும் பருவத்துக்கு வரக்கூடியவை.

திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் காணப்படும் சென்னைச் சிவப்பு இனமும் இப்படிப்பட்டதே. செந்நிற உடல், தொங்கும் காது, கம்பளிக்குப் பதில் குட்டை முடி, கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, கொம்பில்லாத பெட்டை ஆகியவை இதன் அடையாளங்கள். இறைச்சிக்கு ஏற்ற இந்த இனத்தை மேம்படுத்தும் பணி, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்து வருகிறது. இது பூந்தமல்லி சாலையிலுள்ள காட்டுப்பாக்கம் அல்ல; ஜி.எஸ்.டி. சாலையில் காட்டாங்குளத்தூர் அருகே உள்ளதாகும்.

அப்படியானால் பருவம் ஏன் கூடிக் குறைகிறது?

பகல் நீளம் காரணமில்லை என்றால், நம் ஆடுகள் ஏன் சில மாதங்களில் மொத்தமாகப் பருவத்துக்கு வருகின்றன? விடை, வயிற்றில் இருக்கிறது.

அறுவடை முடிந்த வயல்களில் தாள் மேயும் காலத்திலும், கருவேலங்காய் உதிரும் காலத்திலும், கோடை மழைக்கும் ஆடி மழைக்கும் புல் தளிர்க்கும் காலத்திலும் ஆடு கொஞ்சம் சதை பிடிக்கிறது. உடனே மந்தையில் பல ஆடுகள் பருவத்துக்கு வருகின்றன. ஏரியும் தரிசும் காய்ந்து கிடக்கும்போது அதே ஆடுகள் மாதக்கணக்கில் சும்மா நிற்கின்றன.

இதற்கும் விஞ்ஞான விளக்கம் உண்டு. உடம்பிலுள்ள கொழுப்பு, லெப்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பில் சேமிப்பு இருக்கிறதா இல்லையா என்ற செய்தியை அது மூளைக்குக் கொண்டு செல்கிறது. மேலே சொன்ன கிஸ்பெப்டின் நரம்பணுக்களே இந்தச் செய்தியையும் பெறுகின்றன. மெலிந்த ஆட்டில் கிஸ்பெப்டின் மரபணுவின் வேலை குறைந்துவிடுகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. குளிர் நாட்டில் பகல் நீளம் வந்து தட்டும் அதே கதவை, நம் நாட்டில் தீனி வந்து தட்டுகிறது. சூரியனை மாற்ற விவசாயியால் முடியாது. தீனியை மாற்ற முடியும். நம் ஊர் விவசாயிக்குள்ள பெரிய வசதி இதுதான்.

எப்போது சேர்க்கலாம்?

செம்மறி ஆட்டின் சினைக்காலம் சுமார் 147 நாள். ஜூன் நடுவில் சேர்த்தால் நவம்பர் இரண்டாவது வாரத்தில் குட்டி பிறக்கும். அப்போது வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் முடிய சேர்த்தால், ஜனவரி இரண்டாம் வாரம் முதல் பிப்ரவரி கடைசி வாரத்துக்குள் குட்டிகள் பிறக்கும். தை, மாசி மாதங்களில் மழை விட்டு, தரையும் காய்ந்திருக்கும். அறுவடையான வயல்களில் தாய்க்கு மேய்ச்சலும் இருக்கும்.

இந்தக் காலம் கிடாவுக்கும் நல்லது. அக்கினி நட்சத்திர வெயிலில் கிடாவின் விந்து கெடுகிறது. புதிய விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர இரண்டு மாதம் வரை ஆகிறது. எனவே ஜூனில் கிடா பெட்டையின் மேல் ஏறினாலும் சினை தங்குவது குறையலாம். ஆகஸ்டு நடுவில் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கியிருக்கும். கோடையில் கிடாவுக்கு மர நிழலும் தாராளமாகத் தண்ணீரும் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கிடாவைப் பிரித்து வைத்தல்: சேர்க்கும் காலத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே கிடாவைப் பெட்டைகளின் கண்ணுக்கும் மோப்பத்துக்கும் எட்டாமல் தனியே கட்டித் தீனி போட வேண்டும். பிரிந்திருந்த கிடாவைத் திடீரென மந்தையில் விடும்போது, சும்மா இருந்த பெட்டைகளும் தூண்டப்படுகின்றன. முதல் முட்டை சில நாட்களிலேயே வெளிப்பட்டாலும் அப்போது பருவ அறிகுறி தெரியாது. ஏறத்தாழ 17 முதல் 25 நாட்களுக்குள் பல ஆடுகள் அடுத்தடுத்துப் பருவத்துக்கு வரும். குட்டிகளும் ஒரே சமயத்தில் பிறக்கும். கவனிப்பதும் விற்பதும் சுலபமாகும். ஏரியில் பலருடைய மந்தைகளும் கலந்து மேயும் இடங்களில் ஆடு வளர்ப்போர் கூடிப் பேசி, இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தே செய்வது நல்லது. கிடாவைக் கட்டிப்போட முடியாதவர்கள், அதன் வயிற்றின் கீழ் சாக்குத் துணியைத் தொங்கவிட்டுக் கட்டலாம்.

பெட்டைக்கு ஊட்டத் தீனி: சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, அதாவது ஆடி இரண்டாம் வாரத்திலிருந்து, மேய்ச்சலுக்கு மேல் ஆடு ஒன்றுக்குத் தினமும் 200 முதல் 250 கிராம் அடர்தீனி கொடுக்க வேண்டும். மக்காச்சோளம் அல்லது கம்பு 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 25 பங்கு, தவிடு 32 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, சாதாரண உப்பு 1 பங்கு என்ற அளவில் கலக்கலாம். முதல் நாள் 50 கிராமில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஒரேயடியாகத் தானியம் போட்டால் வயிற்றில் புளிப்பு ஏறி ஆடு சாகவும் கூடும். அடர்தீனி வாங்க வசதியில்லாதவர்கள் அகத்தி, சூபாபுல் தழைகளையும், வேர்க்கடலைக் கொடியையும், சேமித்து வைத்த கருவேலங்காயையும் கொடுக்கலாம். வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, சூபாபுல் நட்டு வைப்பது, மேய்ச்சல் குறைந்துவரும் இந்த வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது.

கையால் தடவிப் பார்த்தல்: கடைசி விலா எலும்புக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் விரல்களை வைத்து அழுத்திப் பார்க்கவும். எலும்பு கத்திபோல் கூர்மையாகத் தட்டுப்பட்டால் ஆடு மெலிவு. அதற்குத் தீனி கூட வேண்டும். அழுத்தினால் மட்டும் உருண்டையாகத் தெரிந்தால் சேர்ப்பதற்குத் தயார். எலும்பே தெரியாத ஆட்டுக்கு ஊட்டத் தீனி வீண் செலவு.

கிடாவின் அளவு: 25 முதல் 30 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். பத்து ஆடு வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல கிடாவை வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கிடாவை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் தந்தை மகளோடு சேர்ந்து குட்டிகள் நலிந்துவிடும். சினை பிடிக்காமல் தப்பிய ஆடு சுமார் 17 நாளில் மீண்டும் பருவத்துக்கு வருமாதலால், கிடாவை ஆறு வாரம் மந்தையில் விட்டு வைத்தால் இரண்டு வாய்ப்புகளுக்குக் குறையாமல் கிடைக்கும்.

சினை ஆடு: ஐப்பசி, கார்த்திகையில் சினை ஆடுகள் நனையாமல் இருக்க மேடான இடத்தில் கூரை வேண்டும். மழையில் மேய்ச்சல் தடைப்படும் நாட்களுக்காக வேர்க்கடலைக் கொடியை முன்கூட்டியே காயவைத்துச் சேமிக்க வேண்டும். வயிற்றுக் குட்டி வேகமாக வளர்வது கடைசி ஆறு வாரங்களில்தான். அப்போது மீண்டும் 200 கிராம் அடர்தீனி தேவை. துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி, நீலநாக்கு நோய்களுக்குரிய தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுவிடுவது பற்றி அரசு கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

குட்டி: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்து, தொப்புள் கொடியில் டிங்க்சர் அயோடின் தடவ வேண்டும்.

இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று

எட்டு மாதத்துக்கு ஒரு ஈற்று எடுத்து, இரண்டு ஆண்டில் மூன்று முறை குட்டி பெறலாம் என்பதும் உண்மையே. நம் ஆடு பகல் நீளத்துக்குக் கட்டுப்படாததால்தான் இது இயல்கிறது. ஆனால் இம்முறையில் ஆகஸ்டை அடுத்து ஏப்ரல், டிசம்பர் மாதங்களிலும் சேர்க்க வேண்டிவரும். ஏப்ரலில் சேர்த்த ஆடு செப்டம்பரில் ஈன்று, குட்டி சிறிதாக இருக்கும்போதே அடைமழையைச் சந்திக்கும். டிசம்பரில் சேர்த்தது மே மாத வெயிலில், பசும்புல் இல்லாத வேளையில் ஈனும். மேடான கொட்டகையும் பசுந்தீவனமும் உள்ளவர்கள் இதில் இறங்கலாம். இரண்டும் இல்லாதவர்கள், தை மாசியில் ஓர் ஈற்றை முழுமையாகக் காப்பாற்றிக் கொள்வதே லாபம். பதினைந்து ஆடுகள் மழையில் ஈன்று ஐந்து குட்டிகளை இழப்பதைவிட, அதே ஆடுகள் தையில் ஈன்று எல்லாக் குட்டிகளையும் வளர்ப்பது மேல் அல்லவா?

விளக்கும் ஊசியும் வேண்டுமா?

பிரான்சு நாட்டில் பொலி கிடாக்களுக்கு ஒரு மாதம் நீண்ட பகல், ஒரு மாதம் குறுகிய பகல் என்று மாற்றி மாற்றி விளக்கு வைத்து, ஆண்டு முழுவதும் விந்து சேகரிக்கிறார்கள். மெலட்டோனின் அடங்கிய சிறு குச்சியைக் காதின் அடியில் பதித்து, பெட்டைகளை முன்கூட்டியே பருவத்துக்குக் கொண்டுவரும் முறையும் சில நாடுகளில் உண்டு. பகல் நீளம் கட்டிப்போட்ட ஆடுகளின் கட்டை அவிழ்க்கும் வழிகள் இவை. நம் ஆடுகளுக்கு அந்தக் கட்டு இல்லை. எனவே இவற்றுக்குச் செலவிடும் பணத்தைத் தீனிக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். தெருவிளக்கு வெளிச்சம் பட்டியில் விழுகிறதே என்று கவலைப்படவும் வேண்டியதில்லை.

மூன்று வார ஊட்டத் தீனி கொடுத்து, கிடாவையும் விட்ட பிறகும் ஓர் ஆடு பருவத்துக்கு வரவில்லை என்றால், குடற்புழு, தாது உப்புக் குறைவு, கருப்பைக் கோளாறு இவற்றில் ஒன்று இருக்கலாம். கால்நடை மருந்தகத்தில் காட்டிச் சாணப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தீவனப் பயிர்கள் குறித்த விவரங்களைத் திருவள்ளூர் அருகே திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு அறியலாம்.

ஆடி பிறந்ததும் கிடாவைப் பிரித்து, ஆடி இரண்டாம் வாரத்தில் பெட்டைக்குத் தீனியைக் கூட்டி, ஆகஸ்டு நடுவில் இரண்டையும் சேர்க்கும் விவசாயியின் பட்டியில், தை மாதத்தில் குட்டிகள் துள்ளி விளையாடும்.